எள் கலந்த சோறு

2024 நவம்பர் 3, ஞாயிறு

துணியை ஊற வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், சிவபாண்டி போன். ராஜஸ்தானில் பட்டாளத்தில் இருக்கிற பிள்ளை. அங்கே எல்லையைக் காப்பது போதாதென்று, ராஜபாளையத்தில் இருக்கிற என்னையும் காவல் காக்கப் பார்க்கிறான்.

"அறுபத்தாறு வயசுல தனியா டூர் போணுமாம்மா?"

"தனியா எங்கலே போறேன்? பத்துப் பேரு. எல்லாம் அறுபது தாண்டுனதுக."

"அம்புட்டுப் பேரும் தனித்தனியா வாரவங்கதானே? வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்கு லீவு கிடைக்காதும்மா. பாத்துக்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தாய் செத்தாலும் வர முடியாது என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறான்! "என் சாவுக்கு நீ லீவு போட வேணாம். உன் சோலியப் பாரு" என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

அவன் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. யாருக்கு ரோஷம் அதிகம், பார்த்துவிடுவோம்.

நவம்பர் 7, வியாழன்

டூர் நடத்துகிற கௌதம்ராஜ் வீட்டுக்கே வந்து விவரம் சொன்னான். ராஜுக்கள் வீட்டுப் பிள்ளை, தெலுங்கில் பெரியம்மா என்கிற மாதிரி என்னைப் பெத்தம்மா என்பான். முதலில் கயா, பிறகு காசி. தனியாக வருகிறவர்களைச் சோடி சேர்த்து ஒரே அறையில் விடுவானாம். தினமும் வேனில் ஏறியதும் ஒவ்வொருவரிடமும் "உங்க சோடி?" என்பான், "இருக்கா" என்று சொல்ல வேண்டும். தலையை எண்ணினால், நாங்க என்ன ஆட்டு மந்தையா என்று பெரியவர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். வரத்தானே செய்வார்கள்!

என் சோடி முத்தாத்தாள். பிறந்தது வன்னியம்பட்டி, இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை அறை. எழுபது வயது. கல்யாணம் கட்டவில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. மில்லில் நூல் ஓட்டியவள். நான் பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் பார்த்தவள். பேச ஆள் கிடைத்தது.

நவம்பர் 12, ரயில்

முத்தாத்தாள் அக்காவுக்குக் காசியில் ஆசையே இல்லை. கயாதான் வேண்டுமாம். அங்கே ஒரு குன்றின் மேல் கோயில். செய்ய ஆளில்லாதவர்கள் உயிரோடு இருக்கும்போதே தங்களுக்குத் தாங்களே பிண்டம் வைத்துக்கொள்ளலாமாம்.

"பொறவு எவனையும் எதிர்பார்த்துக் கிடக்க வேணாம்ல" என்றாள், என்னமோ ரேஷன் வாங்கி வைக்கிற மாதிரி.

போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அவன் கூப்பிடுகிற மாதிரி இல்லை. கல் நெஞ்சுக்காரன்.

நவம்பர் 14, வியாழன். கயா, சாயங்காலம்

காலையில் அவருக்குப் பிண்டம் வைத்தேன். என் வீட்டுக்காரர் தங்கச்சாமி, போலீஸ் ஏட்டாக இருந்து போனவர். வருடா வருடம் திதிக்குச் சோறு பிசைந்து கொடுப்பது நான்தான், எனக்கு இது கை வந்த வேலை. ஊரிலிருந்தே எள் கொண்டு போயிருந்தேன். மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பிறகு அக்காவுக்குத் துணையாகக் குன்றுக் கோயிலுக்கு ஏறினேன். கூட வந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். தயிர்ச் சோற்றை உருட்டி, எனக்குச் செய்ய யாருமில்லை என்று சொல்லிச் சாமி கையில் வைக்க வேண்டும். அக்கா வைத்தாள். அழவில்லை. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை — லீவு கிடைக்காது, லீவு கிடைக்காது என்று அதுவே காதில் ஓடியது. "எனக்கும் ஒரு உருண்டை குடுங்க" என்று கேட்டு வாங்கினேன். பிசைந்தேன். "எனக்குச் செய்ய யாருமில்லை" என்று சத்தமாகவே சொன்னேன். வைத்தேன்.

இறங்கும்போது அக்கா என் கையைப் பார்த்தாள்.

"என்ன ஏட்டி, கையில கருப்பா?"

"எள்ளு."

அப்படியே நின்றுவிட்டாள். "எள்ளா ஏட்டி போட்ட? அது செத்தவங்களுக்குப் போடுறது. உசுரோட இருக்கிறவளுக்கு ஆகவே ஆகாது!"

முந்தானையைத் தொட்டுப் பார்த்தேன். முடிச்சு அவிழ்ந்திருந்தது. நான் அவிழ்த்த ஞாபகமே இல்லை. கை பழக்கத்தில் செய்திருக்கிறது. "சாமிக்கு எள்ளு எது, உளுந்து எதுன்னு தெரியாதாக்கும்" என்று சிரித்தேன். சிரிக்கும்போதே படி ஆடியது. செத்த நேரம் உட்கார்ந்தேன்.

எழுந்தால் உடம்பு லேசாக இருக்கிறது. ஐந்து வருடமாகப் படுத்துகிற முட்டு வலி இல்லை! நம் ஆட்கள் படியில் கூட்டமாகக் குனிந்து நின்றார்கள். எவளோ மயங்கி விழுந்துவிட்டாள் போல. வேடிக்கை பார்க்கப் பிடிக்காமல் நேரே வந்து வேனில் உட்கார்ந்துகொண்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

வேனில் கௌதம்ராஜ் எல்லாரிடமும் சோடியைக் கேட்டான். முத்தாத்தாள் அக்காவிடம் வந்ததும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டான். "ஏம்ப்பா, இங்கதான் இருக்கேன்" என்றேன். வேனில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் ஆற்றங்கரையில் நிறுத்தினார்கள். நான் இறங்கவில்லை. எல்லாரும் தலை முழுகிவிட்டு ஈரத்தோடு வந்தார்கள். கௌதம்ராஜ் கண் சிவந்து கிடந்தது. என்ன சோலிக்கு முழுகினார்கள் என்று கேட்டேன். துண்டைப் பிழிந்து ஜன்னலில் காயப் போட்டார்கள். நான் என்ன தப்பு செய்தேன்?

நவம்பர் 16, ரயில்

காசிக்குப் போகாமலே திரும்புகிறோம். டீக்காரன் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு என்னைத் தாண்டிப் போகிறான். அக்கா கீழ் பெர்த்தில் சுவரைப் பார்த்துப் படுத்து அழுகிறாள். எள்ளைச் சொல்லித்தான் அழுகிறாளா?

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். பயமாக இருக்கிறது.

நவம்பர் 18, திங்கள்

வீட்டுக்கு வந்தேன். ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தேன். நல்ல மழை. வீட்டுக்குள் வந்து பார்த்தால் சேலை நனையவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு பியூலா தன்னிடம் இருந்த சாவியால் திறந்து வந்தாள். என் செடிக்குத் தண்ணீர் விட்டாள். நடுவீட்டில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பியூலா, ஏட்டி பியூலா" என்று பக்கத்திலேயே நின்று கூப்பிட்டேன். பூட்டிக்கொண்டு போய்விட்டாள். உள்ளே ஆள் இருக்கும்போதே பூட்டினாள்.

உலை வைக்கத் தோன்றவில்லை. பசி என்பதே இல்லை.

நவம்பர் 20, புதன்

ரோஷம் மண்ணாங்கட்டி. நானே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"யாரு? அம்மா போனு யாருகிட்ட இருக்கு?"

"நான்தாம்லே. அம்மா பேசுறேன்."

"ஹலோ! சத்தமே வரல. யாருங்க பேசுறது? கௌதம்ராஜ் அண்ணனா?"

தொண்டை கிழியக் கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். அவனுக்குக் கேட்கவில்லை. திடீரென்று அழுதான். அவன் அப்பா சாவுக்கே அழாதவன்.

"நானாச்சும் கூப்பிட்டிருக்கலாமேம்மா. ரோஷத்துல இருந்துட்டேனே" என்றான். யாரிடம் சொல்லுகிறான்? போனை வைக்காமலே அழுதான். அய்யோ, என் பிள்ளை அழுவுறான், ஒரு வார்த்தை சொல்ல முடியலியே எனக்கு. இங்கதாம்லே இருக்கேன். இங்கதான்.

நவம்பர் 21, வியாழன்

கை எழுதுகிறது. பேனா ஓடுகிறது. செத்தவள் எழுதுவாளா?

நவம்பர் 23, சனி

முத்தாத்தாள் அக்கா சனிக்கிழமை தவறாமல் திருவண்ணாமலைக்குப் போவாள், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் அந்தப் பேரில் இருக்கிற மலைப் பெருமாள் கோயிலுக்கு. எள்ளைக் கண்டது அவள்தான், வழி சொன்னால் அவள்தான் சொல்ல வேண்டும் என்று புறப்பட்டுவிட்டேன். டவுன் பஸ்ஸில் எனக்கு மட்டும் டிக்கெட் கிழிக்கவில்லை. என் மடியில் ஒருத்தி பையை வைத்தாள். காலி சீட் என்று நினைத்துவிட்டாள் போல, நினைக்கட்டும்.

மலைப்படி முழுவதும் மூச்சு வாங்காமல் ஏறினேன். மூச்சு வாங்காதது இவ்வளவு பயமாக இருக்குமா?

அக்கா மேல் படியில் துளசியை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு படி கீழே நின்றேன்.

"வந்துட்டியா செல்லத்தாயி" என்றாள். திரும்பவில்லை.

எனக்கு அழுகை வெடித்துவிட்டது. பத்து நாளில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள்.

"திரும்ப மாட்டேன் ஏட்டி. திரும்புனா நீ இருக்க மாட்ட. நீ பேசுறது எனக்குக் கேக்காது, நிக்குறது மட்டுந்தான் தெரியுது. நானும் எனக்கே பிண்டம் வச்சவள்ல, அதான் போல." கொஞ்ச நேரம் துளசியைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். "அந்தப் படியிலயே உசுரு போயிருச்சு தாயி. உன் மகனுக்கு லீவு கிடைக்கல, உடனே வர ஏலல. கௌதம்ராஜ்தான் கொள்ளி வச்சான்."

"பொய்யி!" என்று கத்தினேன். கோயிலுக்கு வந்த ஒரு பெண் என் உடம்புக்குள் புகுந்தே ஏறிப் போனாள். என்னைச் சுற்றிக்கொண்டு போகவில்லை.

"எனக்கு நெசமாவே ஆளில்ல, நான் வச்சது சரி" என்றாள் அக்கா. "உனக்குப் புள்ள இருக்கான். சாமி முன்னால இல்லைன்னு சொல்லிட்டியே. போ. வீட்டுல இரு. கருமாதிக்காச்சும் வருவான், அவன் கையால செய்யட்டும். இனிமே டூர் கீர்னு எங்கயும் போயிராத."

கிறுக்கச்சி. அழுதுகொண்டே சிரித்தேன்.

நவம்பர் 26, செவ்வாய்

வருவானா? வராவிட்டால் நான் என்ன ஆவேன்? யாருமில்லை என்று நான் சொன்னது சொன்னதாகவே நின்றுவிடுமா?

அவன் குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகளைப் பெட்டியில் தேடினேன். துணியைத் தொட முடிகிறது, மணம்தான் தெரியவில்லை.

நவம்பர் 28, வியாழன்

பியூலா வாசலில் நின்று யாரிடமோ போனில் சொன்னாள்: "சிவபாண்டிக்கு லீவு குடுத்துட்டாங்களாம். முந்தாநாளே ரயில் ஏறிட்டான், ராத்திரி வந்துருவான்."

வாசலை நானே கூட்டினேன். பிறகு வந்து பார்த்த பியூலா, தெருவில் வேறு யாரோ கூட்டியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

நவம்பர் 29, வெள்ளி

வந்துவிட்டான்.

நேற்று ராத்திரியே வந்திருக்கிறான். ரயிலை விட்டு இறங்கியதும் பியூலா வீட்டுத் திண்ணையில் படுத்துவிட்டு, விடிந்ததும் சொந்தக்காரர்களோடு கிணற்றடிக்குக் காரியம் செய்யப் போய்விட்டானாம். எல்லாம் முடித்துத் திரும்பும்போதுதான் நான் பார்த்தேன். வீடு நிறைய ஆட்கள். ஒருத்தரும் என்னை இடிக்கவில்லை, நான்தான் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன், பழக்கம்.

ஈர வேட்டியோடு உள்ளே வந்தான். தலையை மழித்திருந்தான். பட்டாளத்துக்காரன், ஒட்ட வெட்டியிருப்பான் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். மீசை இல்லை. பதினெட்டு வயதிலிருந்து அவன் அப்பாவைப் போல முறுக்கிவிட்டுக்கொண்டு திரிந்த மீசை. அப்பா செத்தபோதுகூட மீசையை எடுக்க மாட்டேன் என்று ஊரோடு சண்டை போட்டவன்.

"ஏம்லே எடுத்த?" என்று கேட்டேன்.

படையல் இலை போட்டிருந்த என் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டே இருந்தான். யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். "அம்மா சாப்பிடட்டும், பொறவு வாரேன்" என்றான். மீசை இல்லாத முகத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை மாதிரி இருந்தான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இலையைத் தன் கையாலேயே என் பக்கம் நகர்த்தி வைத்தான்.