பதினொரு திருப்பதி

ரெட்டியார்பாளையம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள பூர்ணிமா அக்காவுக்கு,

சிந்துஜா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாமாவும் பாப்பாவும் நலந்தானே? போனில் பேசினால் உன் மாமியார் பக்கத்தில் இருப்பார், நீ "ம்" மட்டும் சொல்வாய். அதனால்தான் உன் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன்.

நேற்று அம்மாவின் படத்தைத் திரையிட்டார்கள். மனநோயோடு வாழும் ஐந்து பெண்களைப் பற்றி கலைமகள் எடுத்த ஆவணப்படம், உனக்குத் தெரியும். அதில் அம்மாவின் முகத்தை மறைக்கச் சொல்லி நீ கேட்டாய். நானும் சொன்னேன், கலைமகளும் மறைத்துவிட்டார். போன மாதம் அம்மாவுக்குப் போட்டுக் காட்டியபோது, "எம் பொடவய கட்டிக்கினு மூஞ்சி இல்லாம ஒருத்தி குந்தினு இருக்காளே, யாருடி அவ?" என்று கேட்டாள். பிறகு கலைமகளிடம், "எம் மூஞ்சிய குடுத்துடும்மா" என்றாள். நீ கோபப்படுவாய் என்று தெரிந்தேதான் சரி என்றேன்.

அரங்கு நிறைந்திருந்தது. மாம்பழக்கலர் புடவையில் அம்மா முன்வரிசையில். திரையிலும் அதே புடவை. காதில் கேட்கும் குரல்களைப் பற்றி, மாத்திரையால் கை நடுங்கிக் கோலம் கோணிப்போவதைப் பற்றி, நிதானமாகச் சொன்னாள். அப்புறம் இது: "ஆஸ்பத்திரில சேக்கறப்பல்லாம் அம்மா திருப்பதி போயிருக்குன்னு எம் பொண்ணுங்க சொல்லிடும். பதினோரு தடவ போயிருக்கேன். ஒரு லட்டு கண்ணால பாத்தது இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உன் வளைகாப்பு ஞாபகம் வந்தது. திருப்பதியிலிருந்து வந்ததும் அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால்தான் வரவில்லை என்றோம். பிரசாதம் எங்கே என்று உன் மாமியார் கேட்க, நான் உங்கள் தெருமுனை ஸ்வீட் கடைக்கு ஓடினேன். அந்த லட்டை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். அன்றைக்கு அம்மா வார்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, உனக்கு வளையல் போட்டிருப்பார்களா என்று நர்சிடம் மணிக்கொரு தரம் கேட்டிருக்கிறாள். இதுவும் படத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

படம் முடிந்ததும் குருசுக்குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண் நேராக அம்மாவிடம் வந்தார். "எங்க வூட்ல வேளாங்கண்ணின்னு சொல்லுவாங்கக்கா. நாலு தடவ" என்றார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

அக்கா, நான் படித்த கதைகளில் இப்படிப்பட்ட பெண்கள் கடைசிப் பக்கத்துக்குள் கிணற்றில் விழுந்துவிடுவார்கள். ஓர் அரங்கையே சிரிக்க வைத்தவளை நான் படித்ததில்லை. திரையில் "நிர்மலாதேவி, ரெட்டியார்பாளையம்" என்று பெயர் வந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரரிடம் "எங்கம்மா" என்றேன். அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். யாரிடமும் வலியப் பேசாத என் சுபாவம் உனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் உங்கள் கோயம்புத்தூரில் திரையிடுகிறார்கள். அம்மாவை மேடைக்கு அழைத்திருக்கிறார்கள். உன் கல்யாணத்துக்குப் பிறகு அவள் உன் வீட்டுப் படி ஏறியதில்லை. "வரலாமான்னு பெரியவள கேட்டு எழுது" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பாப்பாவுக்கு கவுன் தைக்க உட்கார்ந்துவிட்டாள். அளவு தெரியாது என்பதால் கொஞ்சம் பெரிதாகவே வெட்டியிருக்கிறாள்.

வரச் சொல். கையில் கடை லட்டோடுதான் வருவாள். திருப்பதியா என்று உன் மாமியார் கேட்டால், இல்லை என்று சொல், அக்கா. அது ஒன்று போதும்.

அம்மாவின் ஆசிகளோடு,
உன் தங்கை
சிந்துஜா