இருபத்தேழாவது விதி

பிப்ரவரி 3

வாலுவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் உங்கள் தங்கை இதற்குள் என்னைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் அழுதிருப்பாள்.

கூடவே வரும் தடித்த உறையைப் பார்த்துப் பதறாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் இல்லை. எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நாம் மூன்று நிமிடத்துக்கு மேல் நல்லபடியாகப் பேசியதாகச் சரித்திரம் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரி. லேபில் மேற்பார்வையாளர் வேலை. நியமனக் கடிதம் நான்கு பக்கம், விதிப்புத்தகம் முப்பத்தெட்டுப் பக்கம். எல்லாவற்றையும் படித்துப் புரிந்துகொண்டேன் என்று இருபதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். விண்ணப்பத்திலேயே 'முந்தைய வேலையை விட்டதற்குக் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'குடும்பக் காரணம்' என்று எழுதினேன். பொய் இல்லையே?

இங்கே என் சின்ன லேபை இந்த மாதக் கடைசியோடு மூடுகிறார்கள். அதனால் இது கைவிட்டுப் போகக் கூடாது. நீங்கள் பதினோரு வருஷம் ஆஸ்பத்திரி ஆபீஸில் உட்கார்ந்து ஊரார் வேலைக் காகிதங்களையெல்லாம் படித்தவர். என்னுடையதையும் ஒருமுறை படித்துப் பென்சிலால் குறித்து அனுப்புங்கள். புருஷனாகப் படிக்க வேண்டாம், ஆபீசராகவே படியுங்கள்.

இன்னொன்று. அந்த ஆஸ்பத்திரி உங்கள் ஊரில்தான் இருக்கிறது. உங்கள் அறையிலிருந்து இரண்டே பஸ் நிறுத்தம் என்று வாலு வரைபடத்தில் பார்த்துச் சொன்னாள். இரண்டு நாளாக அதே பேச்சு. "அப்பா வீட்டுக்கா போறோம், இல்ல அப்பா வீட்டுப் பக்கத்துக்கா?" என்று கேட்கிறாள். முதலில் காகிதத்தைப் படிக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஊசி

பிப்ரவரி 7

அன்புள்ள ஊசிக்கு,

இரண்டு வருஷத்துக்குப் பிறகு உன் கையெழுத்து. உறையின் மேல் என் விலாசத்தை நீ எழுதியிருந்ததையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர்! அந்த லேபில் உன் கையால் ஊசிக்குத்து வாங்கப் போகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

முப்பத்தெட்டுப் பக்கத்தையும் மூன்று தடவை படித்தேன். பென்சில் குறி போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நான்காம் விதி: தகுதிகாண் காலம் ஒரு வருஷம். ஆறு மாதம்தான் நியாயம், ஆனால் கேட்டால் தரமாட்டார்கள். ஒன்பதாம் விதியில் அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அதைச் செய்யாதே, நகல் போதும் என்று சொல். கட்டாயப்படுத்த அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. பதினாறில் ஷிப்ட் மாற்றத்தை ஒரு நாள் முன்னால்தான் சொல்வார்களாம், வாலுவின் பள்ளிக்கூடத்துக்கு அது தொல்லை. ஆனால் நான் இருக்கிறேனே. உனக்கு மாலை ஷிப்ட் விழுந்தால் அவளை நான் கூட்டி வருவேன்.

மற்றதெல்லாம் வழக்கமானவை, டிக் அடித்திருக்கிறேன். தைரியமாகக் கையெழுத்துப் போடு.

உன் கடிதம் வந்த மறுநாளே ஒரு வீடு பார்த்துவிட்டேன். இரண்டு அறை, வெயில் வருகிற சமையலறை, நீ எப்போதும் கேட்பதுபோல் துணி காயப்போட மொட்டைமாடி. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்து பார்த்தேன், பதினெட்டு நிமிடம். உன் நடைக்குப் பதினைந்துதான் ஆகும். எதிர்த் தெருவிலேயே பள்ளிக்கூடம். "எத்தனை பேர் இருப்பீங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார். யோசிக்காமல் மூன்று என்று சொல்லிவிட்டேன். அவசரக்குடுக்கை என்று திட்டாதே.

அன்புடன்,
உன் ஆபீசர்

பிப்ரவரி 12

ஆபீசருக்கு,

பென்சில் குறிகளைப் பார்த்தேன். ஒழுங்கான வேலை. ஒன்பதாம் விதி எனக்கு உறைக்கவே இல்லை. சான்றிதழ்களைக் கொடுக்கமாட்டேன்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லவில்லை. அந்தப் புத்தகம் வந்த அன்றே நான் முதலில் பிரித்தது இருபத்திரண்டாம் பக்கத்தைத்தான். விடுமுறை விதிகள் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இருபத்தேழாவது விதி. 'எழுத்துமூலம் முன் அனுமதி பெறாமல் தொடர்ந்து மூன்று நாட்களுக்கு மேல் வராதவர், நெருங்கிய உறவினரின் மரணம் உட்பட எக்காரணமாயினும், தாமாகவே வேலையிலிருந்து விலகியவராகக் கருதப்படுவார்.'

அது உங்கள் வாக்கியம். நம் பழைய ஆஸ்பத்திரியில், நம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நீங்கள் எழுதியது. 'மரணம் உட்பட' என்பதைச் சேர்த்துவிட்டு எனக்கு வாசித்தும் காட்டினீர்கள். மேனேஜர் அசந்துபோவார் என்றீர்கள். அசந்துதான் போனார். இந்த மாதிரிப் புத்தகங்கள் ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்கு நகலாகவே போய்க்கொண்டிருக்கும் என்று நீங்களே ஒருமுறை சொன்னீர்கள். இப்போது என்னைத் தேடி வந்திருக்கிறது.

என் அம்மா போன அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று என்ன சொன்னீர்கள்? "நீ கிளம்பு, லீவ நான் பாத்துக்கறேன்." நான் கிளம்பினேன். ஐந்தாம் நாள் கடிதம் வந்தது, கீழே உங்கள் கையெழுத்து. பெண்டாட்டிக்குச் சலுகை காட்டினான் என்று பேர் வந்துவிடுமாம். அதற்கப்புறம் ஒரே வீட்டில் இரண்டு மாதம் வாலுவைத் தூது விட்டுப் பேசினோம். பிறகு நீங்கள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டீர்கள்.

அந்த விதிக்குப் பக்கத்தில் நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்றுதான் எட்டு நாள் காத்திருந்தேன். டிக் அடித்திருக்கிறீர்கள்.

நான் அந்த வேலைக்கு வருவேன். விதி இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு இனி சாக அம்மாவும் இல்லை. உங்களிடம் கேட்பது ஒரே ஒரு வரி. எதை எழுத வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். தீர்வு எதுவும் வேண்டாம், யாரையும் போய்ப் பார்க்க வேண்டாம். எனக்கு எழுதுங்கள், அது போதும்.

ஊசி

பிப்ரவரி 15

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்கே போகவில்லை. ஆமாம், பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகுமா? டிக் அடித்ததற்குக் காரணம், அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினாலும் நீ வராமல் போய்விடுவாயோ என்ற பயம்தான். அந்தச் சமயத்தில் என் நிலைமையையும் நீ கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆபீஸில் நாலு பேர் என்னையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். என் தங்கைக்கே ஆனாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

சரி, அதை விடு. வெறும் வார்த்தையால் என்ன ஆகப் போகிறது? இந்தத் தடவை உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டேன். நேற்று அந்த ஆஸ்பத்திரி ஆபீஸுக்கு நேராகவே போனேன். இரண்டு பக்கத்தில் ஒரு மனு. அந்த விதியை எழுதியவனே நான்தான், அது மனிதத்தன்மை இல்லாத விதி, தாயைப் பறிகொடுத்த என் சொந்த மனைவியையே அது வேலையைவிட்டு அனுப்பியது, இதோ இந்த வேலைக்குத் தேர்வாகியிருப்பவரும் அவர்தான், ஆகவே அந்த விதியை நீக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதிக் கொடுத்தேன்.

அங்கே இருக்கும் அதிகாரி தங்கமான மனுஷன். உட்காரச் சொன்னார், மனுவை இரண்டு தடவை படித்தார். "இந்த விதியிலதான் அவங்க வேலைய விட்டு அனுப்பப்பட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தேதியையும் பழைய ஆஸ்பத்திரியின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, உன் விண்ணப்பத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்ததில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

வீட்டுச் சாவியை வாங்கிவிட்டேன். ஜன்னல் கொக்கிகளைச் சரி செய்தேன். வாலுவுக்குச் சின்ன அறை. சுவருக்கு என்ன வண்ணம் வேண்டும் என்று கேட்டு எழுது.

உன்
ஆபீசர்

பிப்ரவரி 21

வாலுவின் அப்பாவுக்கு,

நான் பதினான்காம் தேதியே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உங்கள் ஒரு வரிக்காகக் கடைசி நாள் வரை காத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, வரியும் வரட்டும், வேலையும் வரட்டும் என்று தபாலில் சேர்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து பதில் நேற்று வந்தது. 'முந்தைய நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்ட விவரத்தை விண்ணப்பத்தில் மறைத்ததால், நியமனம் ரத்து செய்யப்படுகிறது.' கீழே கையெழுத்து. உங்கள் தங்கமான மனுஷனுடையதாகத்தான் இருக்கும்.

கோபம் வரும் என்று உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. அன்றைக்கு ஒரு தாள் எழுதி வைக்காமல் என் வேலையைக் கெடுத்தீர்கள். இன்றைக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துக் கெடுத்தீர்கள். இரண்டு தடவையும் நல்ல பேருக்குத்தான். கெட்ட எண்ணம் உங்களுக்கு என்றைக்குமே இருந்ததில்லை, அது எனக்குத் தெரியும். அதனால்தான் இனிமேல் எதை நம்பிக் காத்திருப்பது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தில் நான் கேட்ட வரி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். நீங்கள் மூன்று தடவை படிப்பதுபோல நானும் மூன்று தடவை படித்தேன். மேனேஜருக்கு எழுதினீர்கள், அதிகாரிக்கு எழுதினீர்கள், அந்த விதி மனிதத்தன்மை இல்லாதது என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னீர்கள். எனக்கு எழுதியதில் ஜன்னல் கொக்கியும் சுவர் வண்ணமும்தான் இருக்கின்றன.

இங்கே லேபில் மைக்ராஸ்கோப்புகளை மூட்டை கட்டிவிட்டார்கள். என் மேஜையில் இருந்த பல்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போயாயிற்று. அடுத்த வாரத்திலிருந்து காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை. அதற்கு விதிப்புத்தகம் எதுவும் கிடையாது. வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை.

வாலு தன் புத்தகங்களையெல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கி, மேலே உங்கள் ஊர்ப் பெயரை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். "அப்பா எழுதுனதாலயாம்மா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று சொன்னேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள், இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால்தான் நம்புவாள். கோடை விடுமுறைக்கு உங்களிடம் அனுப்புகிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இந்த வீட்டுக்கு வராமல் இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆகிறது. அனுமதியும் கேட்கவில்லை, எழுதியும் கொடுக்கவில்லை. உங்கள் கணக்குப்படி நாலாம் நாளே நான் உங்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்ப மனம் வரவில்லை. இத்தனை நாளும் உங்கள் இடத்தை அப்படியே வைத்திருந்தேன்.

இதுதான் அந்தக் கடிதம். உங்களைத் 'தாமாகவே விலகியவராக'க் கருதுகிறேன். பதில் எழுத வேண்டாம். சாவியை வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா