முப்பது அடிக்கு ஓர் இருக்கை

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கையின் வணக்கம். தாங்களும் அண்ணியும் நலந்தானே? தொலைபேசியை எடுக்க மறுக்கிறீர்கள், ஆகவே எழுதுகிறேன்.

நாம் வடிவமைத்த மருத்துவமனையின் நீண்ட நடைக்கூடத்தில் சென்ற மாதம் விழுந்த முதியவர் ஞாயிறன்று இறந்துவிட்டார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் விழுந்திருக்கிறார். உடன் நடந்த நர்ஸ் அழுதுகொண்டே சொன்னாள்: "வீல்சேர் கொண்டாரேன்னு சொன்னேன் மேடம். 'எதுக்கும்மா, அதோ அடுத்த ஸ்டாப் தெரியுதே'ன்னு சிரிச்சுக்கிட்டே நடந்தாரு."

முப்பது அடிக்கு ஓர் இருக்கை என்பது என் ஆய்வின் அளவு. நூற்றிருபது முதியவர்களை நடக்கவைத்து அளந்தேன், தளராமல் நடந்த தூரம் சராசரி முப்பது அடி. ஏறக்குறையப் பாதிப் பேர் அதற்குள்ளாகவே தளர்ந்தார்கள். "ஆனால், தளர்ந்தவர்களுக்குப் பதினைந்து அடியே பொருந்தும்" என்று என் குறிப்பில் இரண்டாம் வரி எழுதியிருந்தேன். வரைபடத்தோடு சேர்த்த தாளில் அது இல்லை. வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு கேட்கும். அந்த வரி எங்கே போயிற்று, அண்ணா?

தங்கை

மார்ச் 7

அருமைத் தங்கைக்கு,

இறையருளால் நலம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி. மூன்று நாளாக ஓதலில் என் நா மட்டுமே ஓடுகிறது. நெஞ்சு அந்த நடைக்கூடத்தில் நிற்கிறது.

ஆராய்ச்சியையும் கட்டடத் தொழிலையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்த நாளில் நான் வகுத்த விதியை நீ அறிவாய். ஆய்வு எத்துணைப் பெரிதாயினும் வரைபவர் கைக்கு ஒரு தாளே செல்லும். அதில் 'ஆனால்' கூடாது. "ஆனால்னு எழுதினா தச்சர் எங்கேன்னு பெஞ்சு போடுவாரு?" என்றேன். நீயும் சிரித்தாய்.

உன்னைப் போன்ற பேராசிரியர் தம் முடிவைத் திருத்தினால் வளர்ச்சி என்பார்கள். கட்டடக் கலைஞன் திருத்தினால் குற்றம் என்பார்கள். குறிப்பு உன்னிடமிருந்தே அரைகுறையாக வந்தது என்று நீ சொன்னால் உனக்குப் பெரிய இழப்பில்லை. இங்கே பதினேழு பேர் பிழைப்பு இருக்கிறது. சிந்தித்துப் பார்.

உன் அண்ணன்

மார்ச் 10

அண்ணாவுக்கு,

சொல்லிவிட்டேன். "அந்த ரெண்டாவது வரிய எழுதாம விட்டுட்டீங்களா?" என்று குழுத் தலைவர் கேட்டார். "ஆமாம்" என்றேன். என் ஆய்வைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது.

இனி என் அளவுகள் அலுவலகத்துக்கு வாரா. பெயர்ப்பலகையில் என் பெயரை அழித்துவிடுங்கள். அண்ணியின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது.

தங்கை

மார்ச் 12

அருமைத் தங்கைக்கு,

இன்று காலை மருத்துவமனைக்குப் போய்க் குழுவின்முன் நின்றேன். "வரிய அடிச்சது நான்தாங்க. என் தங்கச்சி எழுதித்தான் குடுத்தா" என்றேன். காரணம் கேட்டார்கள். தச்சர் வெறும் சாக்கு. பதினைந்து அடிக்கு ஒன்று போட்டால் கூடத்தின் நெடிய அழகு துண்டுபடும் என்று அஞ்சினேன், அதுவே உண்மை. உன்னிடம்கூட இதைச் சொல்லவில்லை. தீர்ப்பு வரும்வரை நான் எந்த வரைபடத்திலும் கையெழுத்திடலாகாது. தகும்.

அங்கிருந்து கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். மகள் கதவைத் திறந்தாள். மருத்துவமனையிலிருந்து வருகிறேன் என்றதும் துக்கம் கேட்க வந்தவனென்று எண்ணி, தானே பேசினாள். "அப்பாவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும் ஐயா. 'நல்ல வெளிச்சம்மா, நடக்கிற தூரமே தெரியாது'ம்பாரு."

நாற்பது ஆண்டுத் தொழிலில் என் கட்டடத்தைப் பற்றி எவரேனும் அப்படிச் சொல்ல வேண்டுமென்று ஏங்கியிருக்கிறேன். நான் யாரென்று சொன்னேன். செய்ததையும் சொன்னேன்.

அவள் திட்டியிருக்கலாம். கதவைச் சாத்தினாள், தங்கையே, மெல்லத்தான் சாத்தினாள்.

உன் அண்ணன்