ஹேண்ட் பிரேக்கைப் பற்றி நீ சொல்ல வந்தது

அண்ணே,

தார்ப்பாயை விலக்கி வேன் கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாடை முகத்தில் அடித்தது. தை பிறந்து ஐந்து நாள் ஆகிறது. எட்டயபுரத்துக் கொட்டகையில் நம் வண்டி இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. வழக்கமாக இந்த வாடைக்கு நான் மூக்கைப் பொத்துவேன், நீ சிரிப்பாய். இந்தத் தடவை பொத்தத் தோன்றவில்லை.

துறைமுகத்து இழுவைப் படகில் முப்பது வருஷம் இன்ஜினோடு கிடந்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு நீ வாங்கிய பழைய வேன் இது. உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்னக் கழிப்பறை. போலியோ வந்த என் காலுக்குப் பஸ் படி எட்டாது என்பதால் தாழ்வாக ஒரு மரப்படி. தூத்துக்குடியில் மில்லர்புரம் வீட்டைத் தாண்டாத உன் தங்கச்சி நான் ஐம்பத்திரண்டு வயதில் கன்னியாகுமரியைப் பார்த்தேன், மூணாறைப் பார்த்தேன். நன்றி சொன்னேனா? மூணாறில் குளிருகிறது என்று உன்னைத்தான் திட்டினேன்.

கடல்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று, மழைக்கு முன் வண்டியை இங்கே கொண்டுவந்து விடுவாய். நிறுத்தும்போதும் எடுக்கும்போதும் உன் கூத்து ஒன்று உண்டு. படகில் மேலிருந்து வரும் உத்தரவைக் கீழே இருப்பவன் திருப்பிச் சொல்ல வேண்டுமாம், அப்போதுதான் காதில் விழுந்தது என்று அர்த்தமாம். பேட்டரி ஒயரைக் கழற்றியாயிற்று என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் கொடுப்பாய். நாற்காலியில் இருந்தபடி நானும் அதையே சொல்ல வேண்டும். வேண்டுமென்றே பேசாமல் இருப்பேன். "ஏளா, காது அவிஞ்சு போச்சா?" என்று மறுபடி கத்துவாய்.

ஐப்பசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதைத்தான் செய்தாய். ஒரு சாயங்காலம், மூச்சு வாங்க வாங்க, இந்த வருஷம் வண்டியை எப்படி நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர். அன்றைக்கு நானும் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னேன். நர்ஸ் வந்து பேசக் கூடாது என்றாள். நீ கேட்கவில்லை.

"நான் இல்லாட்டாலும் தையில நீ கெளம்பணும்லா. பொறவு, அந்த ஹேண்ட் பிரேக்க..."

"வாய மூடிட்டுப் படுண்ணே" என்றேன்.

நீ இல்லாமல் போவதைப் பற்றிப் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல் எரிந்து விழுந்தேன். நான் சொல்லி நீ எப்போது அடங்கியிருக்கிறாய்? அன்றைக்கு மட்டும் அடங்கிப் போனாய். மறுநாள் காலை இட்லியோடு வந்தபோது உன் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

காரியம் முடிந்ததும் ஒரு டிரைவரை வைத்து வண்டியை இங்கே கொண்டுவந்தேன். நீ சொன்னதையெல்லாம் செய்தேன். கொட்டகைத் தரை சரிவாக இருந்ததைப் பார்த்துப் பயந்து, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துப் போடச் சொன்னதும் நான்தான்.

இன்றைக்கு, வருஷா வருஷம் வரும் மெக்கானிக் அண்ணாச்சி பேட்டரியை மாட்டினார். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. வண்டி மட்டும் நகரவில்லை. குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஹேண்ட் பிரேக்கப் போட்டா நிறுத்துனிய? மழைக்குள்ள துருப்பிடிச்சு ஒட்டிக்கிடும்லா. அண்ணன் சக்கரத்துக்குக் கட்டையக் குடுத்துல்லா நிறுத்துவாவ. ஒங்ககிட்ட சொல்லலியா?"

"சொல்ல வந்துச்சு. நாந்தான் விடல" என்றேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

அண்ணாச்சி பின் சக்கரங்களைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் தட்டிப் பிரேக்கை விடுவித்தார். இரண்டு மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் எனக்கு ஒரே நினைப்பு. நீ சொல்ல வேண்டியிருந்தது இன்னும் ஒரு வாக்கியம்தான். அதற்குப் பிறகு வேறு ஏதாவதும் வைத்திருந்தாயா? அது எனக்குத் தெரியப்போவதில்லை.

தூத்துக்குடி வரை அண்ணாச்சிதான் ஓட்டி வந்தார். சம்பந்தி வீட்டு வம்பில் ஆரம்பித்து மருமகனின் சர்க்கரை வியாதி வரை ஓயாத பேச்சு. பழைய நானாக இருந்தால் எட்டயபுரம் தாண்டும் முன்பே அடக்கியிருப்பேன். மாதக் கடைசியில் கிளம்புகிறேன், அவரையே ஓட்டக் கூப்பிட்டிருக்கிறேன். வழியெல்லாம் பேசுவார். பேசட்டும். யாரையும் பாதியில் நிறுத்த இப்போது எனக்கு வாய் வருவதில்லை, அண்ணே.