அம்மா படகில் ஏறிய செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், உனக்கு ஜலதோஷம் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அப்பா போனில் உளறிவிடுவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று மீட்புப் படகு நிலையத்துப் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதினான்கு மாதமாக எங்களுக்கு ஓர் அழைப்பும் இல்லை. இருந்தாலும் தினமும் எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி பார்த்து, கயிறுகளைச் சுருட்டி வைப்பேன். திங்கட்கிழமை டீசல் வடிகட்டியில் துளித் தண்ணீர் தெரிந்தது, அது உள்ளே போனால் எஞ்சின் கிளம்பாது. படகுத் தலைவர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார், எனக்கு மனசு கேட்கவில்லை, அன்றே மாற்றிவிட்டேன். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டில் கை வைக்கிறேன், சைரன் அலறுகிறது. பாறைத்திட்டுப் பக்கம் ஒரு படகு கவிழ்ந்து இரண்டு பேர் தண்ணீரில். கூடப் போகிற எஞ்சின்காரருக்கோ காய்ச்சல். படகுத் தலைவர் என்னைப் பார்த்து, "நீங்க வாங்கக்கா, வேற ஆள் இல்ல" என்றார். எட்டு வருஷமாகப் படகைப் பழுதுபார்த்து, கரையில் நின்றே அனுப்பி வைத்தவள், யோசிக்க நேரம் ஏது, ஏறிவிட்டேன்.

அலை ஒவ்வொன்றும் மாடி உயரம். ஒரு பெரியவரை முதலில் தூக்கிவிட்டோம். அடுத்தது உன் வயதுப் பெண், அலை அவளைப் படகின் பின்பக்கமாக அடித்துக்கொண்டு வந்துவிட்டது. தண்ணீருக்கடியில் சுழலும் எஞ்சின் விசிறி அவளை வெட்டிவிடும் என்று எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். படகு பாறையை நோக்கி நகர்கிறது, இவர்கள் அவளை இழுக்கிறார்கள், என் விரல் ஸ்டார்ட் பொத்தான் மேலேயே இருக்கிறது. ஏற்றியாச்சு என்று குரல் வந்ததும் அழுத்தினேன். ஒரே அழுத்து, சின்னவளே, எஞ்சின் பிடித்துக்கொண்டது! அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே, "அக்கா, என் கண்ணாடி போயிடுச்சு" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

கரைக்கு வந்ததும் உப்புநீரைக் கழுவி, டீசல் நிரப்பி, படகு தயார் என்று பலகையில் எழுதிய பிறகுதான் அழுதேன். தையல் மிஷினை விட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்த அப்பா என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனார். காலையில் பார்த்தால், எனக்குத் தொளதொளவென்று இருந்த படகு மழைக்கோட்டைப் பிடித்துத் தைத்து வைத்திருக்கிறார். இனி நானும் கடலுக்குப் போகிற ஆள்தான், பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

நீ நன்றாக இரு. உன் ஸ்கூட்டர் பிரேக்கை இந்த வாரமே காட்டிவிடு, அடுத்த வாரம் என்று சொல்லாதே. வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்யாதே, பயிற்சிக்காகக் கடலில் இருப்பேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா