வண்டி ஏறும் சாய்தளம்

கிழக்குத் தாம்பரம்
2 ஜூலை 2024

அன்பு புஷ்பா,

நலமா என்று கேட்க மாட்டேன். உன் வாட்ஸ்அப் படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. விடுதிச் சாப்பாட்டில் கறிவேப்பிலையை மட்டும் தின்கிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் அறைத்தோழி ரேஷ்மா சிரித்தாளாமே. போனில் நான் ஒரு வார்த்தையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவருவதற்குள், எதிரே இருப்பவர் மிச்சத்தைத் தானே சொல்லி முடித்துவிடுகிறார். கடிதத்தில் என் வாக்கியத்தை வேறு யாரும் முடிக்க முடியாது. கையெழுத்து கோணும், அவ்வளவுதான். அதைக் கல்லூரியில் மூன்று வருடம் படித்துப் பழகியவள் நீ.

ஒரு நல்ல செய்தி. எங்கள் தெருமுனைப் பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குத்தான். தலைமையாசிரியை ஏஞ்சல் மிஸ் வீட்டுக்கே வந்தார். காலாண்டு விடுமுறை முடிந்து சேர வேண்டும். "நீங்களா வந்து போக முடியும்னா எனக்கு சந்தோஷம் ஹெப்சி. தெனமும் ஆள் வச்சுத் தூக்கிட்டு வர்ற மாதிரின்னா நிர்வாகத்துல ஒத்துக்க மாட்டாங்க" என்றார். நானே வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

எப்படி என்றுதான் தெரியவில்லை. எங்கள் கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் புது மழைநீர் வடிகால் வந்துவிட்டது. நின்றால் முழங்காலளவு உயரம். ஏறப் படி, இறங்கப் படி. போன டிசம்பர் வெள்ளத்தில் கட்டிலும் பீரோவும் மிதந்த பிறகு, தெரு சங்கத்தின் சார்பாக அப்பாதான் அலைந்து அலைந்து இதை உயர்த்திக் கட்ட வைத்தார். தெருவே அவரைக் கொண்டாடுகிறது. அவர் மட்டும் சாப்பிடும்போது அது தெரியும் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு என்னைச் சக்கர நாற்காலியோடு தூக்கிப்போகிறார்கள். பக்கத்து வீட்டு தேவானந்தம் அங்கிள், அவருடைய இரண்டு பிள்ளைகள், எதிர்வீட்டு ஐசக் அண்ணன். "நாங்க நாலு பேரு இருக்கோம்ல பாப்பா, உனக்கென்ன கவலை?" எனக்கு இருபத்தாறு வயது. தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். சக்கரம் தரையில் பட்ட பிறகுதான் திறப்பேன்.

இந்த வடிகால் வேலையை எடுத்த ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில்தானே நீ இருக்கிறாய்? ஒரு சாய்தளம் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

உன் பதிலுக்காக வாசலையே பார்க்கும்
ஹெப்சி


கோவிலம்பாக்கம்
10 ஜூலை 2024

என் ஹெப்சிக்கு,

உன் கடிதத்தை மொட்டைமாடியில் துணி காயப்போடும் இடத்தில் நின்று படித்தேன். வேலை என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் குழம்போடு வந்திருந்தாள். "அந்தப் பொண்ணு எப்டிகீது? வேல கெட்ச்சிதா?" என்றாள். சொன்னேன். "அதானே, உன்ன மாறி வாயில கொழக்கட்ட வச்சிகினா கீது அது?" என்று என்னை ஒரு இடி இடித்தாள். குப்பத்தில் மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் என் மகள் பட்டதாரி, ஆபீசில் இருக்கிறாள் என்கிறாள். அந்த ஆபீசில் நான் வாயைத் திறப்பது மதியச் சாப்பாட்டுக்கு மட்டும்தான்.

ஆனால் கண் திறந்திருக்கிறது. வரும் மனுக்களெல்லாம் என் மேசை வழியாகத்தான் போகின்றன. பைக் ஏற வேண்டும் என்று யாராவது எழுதினால், சைட் இன்ஜினியர் ஏகநாதன் சார் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறார். மாற்றுத்திறனாளிக்கு என்று எழுதினால் தனி வரைபடம், தனி அனுமதி என்று அது மேலே அதிகாரிகளிடம் போகிறது. மேலே போனது எதுவும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை. பொழிச்சலூர்ப் பெரியவர் ஒருவரின் மனு, நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே போனது. போன மாதம் அவருடைய மகன் வந்து, அப்பா தவறிவிட்டார், இனி வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அதனால் ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் வண்டி இல்லை. தேவானந்தம் அங்கிள் வீட்டில் பைக்குகள் இருக்கின்றன. இரண்டு கேட்டும் ஒட்டித்தானே இருக்கின்றன? அவர் பெயரில், வண்டி ஏறச் சாய்தளம் என்று மனு வரட்டும். நடுவில் கட்டினால் உனக்கும் ஆயிற்று. உன்னைப் பற்றி ஒரு வரி கூட வேண்டாம். இருந்தால் மேலே போய்விடும்.

நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.

உன்
புஷ்பா


கிழக்குத் தாம்பரம்
18 ஜூலை 2024

அன்பு புஷ்பா,

எனக்காகக் கேட்கும் மனுவில் நான் இருக்கக் கூடாது. அந்த வரியில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பிறகு, ஆபீசைத் தெரிந்தவள் நீதானே என்று சமாதானமாகிவிட்டேன்.

எங்கள் அப்பா எட்மண்ட் வாத்தியார் வாழ்நாளில் முதல்முறையாகப் பொய் எழுதினார். "வண்டிகள் ஏறி இறங்குவதற்கு" என்று எழுதிவிட்டு, "இதுவும் சக்கரம்தானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தேவானந்தம் அங்கிள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "பாப்பாவுக்குன்னா எங்க வேணாலும் கையெழுத்துப் போடுவேன் சார்" என்றார்.

அம்மா நாற்காலியின் பின்னால் மாட்ட ஒரு பை தைத்திருக்கிறாள். டிபன் பாக்சுக்கு ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்று என்று உள்ளே அறை அறையாகத் தடுத்திருக்கிறாள். வெளியே பூவேலை வேறு. நான் எல்கேஜி போகிறேன் என்று நினைத்துவிட்டாள் போல.

ஹெப்சி


கோவிலம்பாக்கம்
6 செப்டம்பர் 2024

என் ஹெப்சிக்கு,

புதன்கிழமை நீ ஜன்னலில் இருந்தாய். நான் கையசைக்கவில்லை என்று கோபமா? ஏகநாதன் சார் பக்கத்தில் இருந்தார். உங்கள் வாசலை அளக்க, டேப்பின் மறுமுனையைப் பிடிக்க என்னைக் கூட்டிவந்திருந்தார்.

அவர் சாக்பீசால் கோடு போட்டார். சாய்வு ரொம்பக் குட்டை, உன் நாற்காலிக்கு அது செங்குத்து. "சார், இன்னும் கொஞ்சம் நீளமா..." என்றேன். அதுவே எனக்குப் பெரிய பேச்சு.

"எதுக்கும்மா? அப்புறம் பாதி ரோடு போயிடும். வண்டிதானே, ஆக்சிலேட்டரை முறுக்கினா ஏறிட்டுப் போவுது."

யாருக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனு அங்கேயே நின்று, மேலே போயிருக்கும். நீ சேரும் நாள் தள்ளிப்போகும். டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்லூரி ஆடிட்டோரியத்துச் சரிவில் யாரும் தள்ளாமல் ஏறியவள் நீ. சமாளித்துவிடுவாய், இல்லையா?

புஷ்பா


கிழக்குத் தாம்பரம்
5 அக்டோபர் 2024

அன்புள்ள புஷ்பலதாவுக்கு,

இது ஹெப்சியின் அம்மா, ரத்தினபாய் ஆன்ட்டி எழுதுவது. ஹெப்சிக்கு வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நான் அவசரப்பட்டு முடிக்கிறேனாம். அதையும் எழுதச் சொல்கிறாள்.

சிமெண்ட் காய்ந்ததும் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. ஐசக் கை கொடுக்க வந்தான். வேண்டாம் என்றுவிட்டாள். கேட் பக்கத்துச் சாய்வில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். எல்லோரும் கை தட்டினோம். மேலே நின்று ஒரு நிமிடம் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். ரோட்டுப் பக்கம் இறங்கும்போது நாற்காலி அவள் பிடியில் நிற்கவில்லை. வண்டி வழுக்காமல் இருக்கக் கோடு கோடாகக் கீறியிருக்கிறார்களே, அதில் முன்சக்கரம் சிக்கித் தலைகுப்புற விழுந்தாள். எல்லாம் ஆண்டவருடைய

அந்த வாக்கியம் வேண்டாமாம்.

ஏஞ்சல் மிஸ் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வேறொரு பெண்ணைச் சேர்த்துவிட்டார்களாம். "அடுத்த வருஷம் பாக்கலாம் ஹெப்சி" என்றார்கள். நான் அழுதேன், இவள் அழவில்லை. சாய்தளத்தில் இப்போது பைக்குகள் நிற்கின்றன. தேவானந்தத்தைக் குறை சொல்ல முடியாது. சொன்னால் உடனே எடுக்கிறார். சாயங்காலம் திரும்ப வந்துவிடுகின்றன. இருந்தாலும் அந்தச் சாய்தளம் அவர் பெயரில்தானே கட்டியது.

உனக்கு ஒன்று சொல்லச் சொல்கிறாள். அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "நாம் கேட்டதைத்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். நான் ஏறி இறங்க வேண்டும் என்று அதில் யாருமே கேட்கவில்லை."

உன்மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை, கண்ணு.

இந்தக் கடைசி வரி நான் எழுதியது. அவள் சொல்லவில்லை.

ரத்தினபாய்


கோவிலம்பாக்கம்
27 நவம்பர் 2024

ஹெப்சி,

பதில் வராவிட்டாலும், இதற்கு முன் நான் எழுதியவை கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கட்டு எப்போதோ பிரித்திருப்பார்கள்.

உன் பெயரில், உன் நாற்காலியின் அகலம் வரை எழுதி ஒரு மனு தயார் செய்து ஏகநாதன் சாரிடம் நானே கொண்டுபோனேன். யாருக்கு என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். மேலே அனுப்பினார். முதல்முறையாக மேலே போனது ஒன்று திரும்பி வந்தது. அந்த இரண்டு கேட்டுக்கும் சாய்தளம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதாம். மறுபடி தர வழியில்லையாம். உங்கள் தெரு வேலை முடிந்ததாகக் கணக்கை மூடிவிட்டார்கள்.

இதை நேரில் சொல்ல ஞாயிற்றுக்கிழமை வந்தேன். உங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை போல, தெருவில் எல்லோர் கையிலும் பூசணியும் வாழைத்தாரும் இருந்தன. நான் எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாக நின்றேன். நாலு பேரும் உன்னைத் தூக்கிக்கொண்டு வடிகாலைத் தாண்டினார்கள். "பாப்பா வெயிட்டு ஏறிட்ச்சி, இனிமே பிரியாணியைக் கட் பண்ணு" என்றார் ஐசக் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள்.

சக்கரம் தரையில் பட்டது. நீ கண்ணைத் திறந்ததும் கூப்பிடலாம் என்று காத்திருந்தேன். உன் பெயர் வாய்நுனி வரை வந்துவிட்டது, ஹெப்சி. டீக்கடையை விட்டு ஓரடி முன்னே வந்தேன்.

ஐசக் அண்ணன் உன்னைத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். பள்ளியைத் தாண்டி, தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீ கண்ணைத் திறக்கவேயில்லை.

புஷ்பலதா