மூன்றாவது கட்டத்தில் நான் எழுதிய சொல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு வேண்டுதல் கிடையாது. என் நலத்தைக் கேட்டால், சர்க்கரை கூடியிருக்கிறது, வலது முழங்கால் படியிறங்கும்போது வலிக்கிறது, இறங்காவிட்டால் வலிக்காது, அதனால் போன வாரம் மூன்று நாள் இறங்காமலேயே இருந்துவிட்டேன். பால் போடுகிறவர் பாவப்பட்டு மாடிக்கே கொண்டுவந்து கொடுத்தார். உன் மாமா, அம்மாவோடு கூடப் பிறந்த ஒரே தம்பி, அம்மா போன இந்த நான்கு மாதத்தில் ஒரே ஒரு தடவை வந்தார். பதினைந்து நிமிஷம் போனைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, அத்தான் தைரியமா இருங்க, எதுன்னாலும் ஒரு போன் போடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டேன். எடுக்கவில்லை. கல்லூரியில் என்னைத் தாண்டிப்போய்த் துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவன் துக்கம் விசாரிக்க வந்து, சாருக்கு வயசே தெரியல என்று சொல்லிவிட்டுப் போனான், அதையும் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்தவர்கள் செய்ததையெல்லாம் தேதி வாரியாக ஞாபகம் வைத்திருக்கிற எனக்கு நான் செய்த ஒன்று சுத்தமாக மறந்துபோயிருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், பொறுமையாகப் படி.

அம்மாவைக் கவனித்த நெட்டை சிஸ்டர் மேல் நான் புகார் கொடுத்தது உனக்குத் தெரியும். நீ ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகும் முன் இங்கே அதே வார்டில் நர்ஸாக வேலை பார்த்தபோது உன்னிடம் பயிற்சிக்கு வந்த பெண், அக்கா அக்கா என்று உன் பின்னாலேயே திரிந்தவள் என்று தெரிந்துதான் கொடுத்தேன். அம்மாவுக்குக் குடல் ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள், ஆறு நாள் வார்டில் இருந்தாள், ஏழாம் நாள் காலையில் காய்ச்சலும் நடுக்கமுமாகத் தீவிர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஒன்பதாம் நாள் இல்லை. உள்ளே தையல் கசிந்து மூன்றாம் நாளிலிருந்தே விஷமாகிக்கொண்டு வந்திருக்கிறது. வலிக்குதுன்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே ஸ்கேன் எடுத்திருப்போம் சார் என்றார் டாக்டர். அப்படியானால் அந்த வார்த்தையைக் கேட்டு வாங்க வேண்டியவள் யார், அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒற்றுப்பிழை கூட இல்லாத புகார். அவள் வேலையைப் பறிக்காமல் விடுவதில்லை என்றுதான் இருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மேட்ரன் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் கை கழுவும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். விசாரணை திங்கட்கிழமை, அதுக்கு முன்னால நீங்க கேஸ் ஷீட்ட ஒரு தடவை பாத்துடுறது நல்லது என்று ஒரு கட்டை என் முன்னால் வைத்தார். மேலே ஆறு தாள்கள், நாளுக்கு ஒன்று. இன்று உங்கள் உடல்நிலை எப்படி இருப்பதாக உணர்கிறீர்கள் என்று கேள்வி, கீழே ஐந்து கட்டங்கள். மிக நன்றாக, நன்றாக, பரவாயில்லை, மோசமாக, மிக மோசமாக. முதல் இரண்டு நாள் இரண்டாவது கட்டத்தில் டிக். அடுத்த நான்கு நாளும் மூன்றாவது கட்டத்தில். நான்காவதுக்கோ அஞ்சாவதுக்கோ போனா உடனே டாக்டரக் கூப்பிடணும், மூணாவதுன்னா குறிச்சு வச்சா போதும், இது ஆராய்ச்சிக்காக ஒரு வருஷமா எங்க வார்டுல போட்டுப் பாக்குற தாள் சார், உங்க மகள் அனுப்பினதுதானே, உங்களுக்குத் தெரியாதா என்றார் மேட்ரன். தாளை நீ அனுப்பியது தெரியும், அது உன் அம்மாவின் கட்டில் வரைக்கும் வந்தது தெரியாது. ஆனால் அந்த மூன்றாவது கட்டத்துச் சொல்லை விரலால் தொட்டு இரண்டு தடவை படித்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தும் நீ சொல்லவில்லை. நோயாளி தன் உடம்பைத் தானே எப்படிப் பார்க்கிறார் என்பது உன் ஆய்வு. கேள்விகளைத் தமிழில் எழுதி, அப்பா கொஞ்சம் பாத்துக் கொடுங்க என்று என்னிடம் அனுப்பினாய். மூன்றாவது கட்டத்துக்கு நீ எழுதியிருந்த சொல் சுமார் என்பது. நான் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டுப் பரவாயில்லை என்று எழுதினேன். நீ போனில், வேண்டாம்ப்பா, கால மிதிச்சவன்கிட்ட கூட நாம பரவாயில்லன்னுதானே சொல்லுவோம், அது உடம்பப் பத்தின பதில் இல்லப்பா, எதிர்ல இருக்கிறவங்கள சமாதானப்படுத்துறது என்று கெஞ்சினாய். நான் விட்டேனா? முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவனுக்கு நீ தமிழ் சொல்லித் தருகிறாயா, சுமார் என்பது சினிமா பார்த்துவிட்டு வந்தவன் பேசுகிற பேச்சு, கட்டிலில் கிடக்கிறவர்கள் வாயில் இயல்பாக வருகிற சொல் இதுதான் என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன். இயல்பாக வருகிற சொல்தான், அதில் தவறில்லை. சரிப்பா, உங்க இஷ்டம் என்று போனை வைத்தாய். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், பாவம் அவ சொன்னதையே வச்சிருக்கலாம்ல என்றாள். உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன்.

தாளின் அடியில் நோயாளி சொன்னதை அப்படியே எழுத நீ இரண்டு வரி இடம் விட்டிருக்கிறாய், அந்தப் பெண் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறாள். மூன்றாம் நாள், பரவாயில்ல, பக்கத்துக் கட்டில் அம்மாவ முதல்ல பாரு, அவங்கதான் முனகிட்டே இருக்காங்க. நான்காம் நாள், பரவாயில்லம்மா, நீயே இன்னும் சாப்பிடல போலிருக்கே. ஐந்தாம் நாள், பரவாயில்ல, சார் வர்ற நேரம், கொஞ்சம் முகத்தத் துடைச்சு விடு. ஆறாம் நாள், பரவாயில்ல, சார்கிட்ட ஒண்ணும் சொல்லிடாத, கத்துவாரு. இதை மேட்ரனுக்கு எதிரில் உட்கார்ந்து படித்தேன் பாப்பா. அந்தச் சார் நான்தான், கத்துவாரு என்பதைத் தவிர என்னைப் பற்றி அவள் வேறு எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அந்த ஆறு நாளும் பார்வையாளர் நேரத்தில் ஒரு மணி நேரம் நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். லிப்ட் வேலை செய்யவில்லை என்று பேசினேன், உன் மாமா வரவில்லை என்று பேசினேன், துறைத்தலைவனைப் பற்றிப் பேசினேன். வலிக்கிறதா என்று கேட்டேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கேட்டிருந்தாலும் அவள் வாயில் அதே சொல்தான் வந்திருக்கும், முப்பத்திரண்டு வருஷமாக நான் கத்தி முடித்த பிறகெல்லாம் அவள் சொன்னது அதுதானே.

ஐந்தாம் நாள் தாளின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி இருந்தது. முகம் வேறு மாதிரி இருக்கிறது, கேட்டால் பரவாயில்லை என்கிறார், டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். சொல்லியிருக்கிறாள். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, மூணாவது கட்டம்தானே சிஸ்டர், ஏன் பதற்றப்படுறீங்க என்று திருப்பிக் கொடுத்தாராம், மேட்ரன் சொன்னார். உன் ஆய்வில், நோயாளி சொல்லாததையும் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வதைப் பற்றி, உணர்வுத் திறன் என்று ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறாய், இதற்கெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்று நான் கேலி செய்தேன். அந்தத் திறன் அந்தப் பெண்ணிடம் இருந்திருக்கிறது. அவள் கண் சொன்னதை என் சொல் தள்ளிவிட்டது.

வியாழக்கிழமை போய்ப் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன், அந்தச் சொல் யாருடையது என்பதையும் எழுதினேன். முதல்லயே கொஞ்சம் விசாரிச்சிருக்கலாமே சார், படிச்சவங்க என்றார் மேட்ரன். வாங்கிக்கொண்டேன். வெளியே வராந்தாவில் அவள் நின்றிருந்தாள், இளைத்துப்போயிருக்கிறாள். மன்னிச்சிடும்மா என்றேன். அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை. உங்க மனுவ நீங்க திரும்ப வாங்கிட்டீங்க சார், நான் நாலு நாள் அவங்க முகத்தப் பாத்துட்டு கடைசியில பேப்பரத்தான நம்பினேன், அத நான் எங்க போய்த் திரும்ப வாங்குறது என்று கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா எப்படி இருக்காங்க, போன் பண்ணினா எடுக்கவே மாட்டேங்கிறாங்க என்றாள். எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன்.

அம்மா போன அன்று போனில் நான் உன்னிடம் சொன்னது, ஊர் உலகத்து நோயாளியையெல்லாம் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று புத்தகம் எழுதுகிறாய், பெற்றவளைப் பார்த்துக்கொள்ள உனக்கு நேரமில்லை என்று சொன்னது, அதை நீ ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டாய். அந்தத் தாள்களின் நகல் அப்போதே உன் கைக்கு வந்துவிட்டது என்று மேட்ரன் சொன்னார். அப்படியானால் உனக்குத் தெரியும். நான்கு மாதமாகத் தெரியும். சுமார் என்று விட்டிருந்தால் அந்தப் பெண் ஏன் சுமார் என்று இன்னொரு கேள்வி கேட்டிருப்பாள் என்று தெரியும். என்னைக் காப்பாற்ற நீ பழியைத் தூக்கிக்கொண்டு, ஆய்வை விடப்போவதாக மூன்று வரியில் கடிதம் போட்டிருக்கிறாய். விடாதே. அம்மாவின் ஆறு தாளையும் சேர்த்துக்கொள், குடும்பத்தின் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மொழியைத் திருத்தியவர் யார் என்று எழுதுகிற இடத்தில் என் பெயரைப் போடு, உன் சொல்லை அடித்தவர் யார் என்பதையும் எழுது. என்னை மறைத்து எழுதினால் அது ஆராய்ச்சி ஆகாது.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை பட்ட நோயாளிகள் எல்லோரும் எழுந்து வீட்டுக்கு நடந்து போக வேண்டும், இது உன் அப்பாவின் ஆசி, என் ஆசிக்கு ஏதாவது மதிப்பு மிச்சம் இருந்தால். சம்மதக் கடிதத்தின் பின்பக்கத்தில் நீயும் கையெழுத்துப் போட வேண்டும், மறந்துவிடாதே. அந்தப் பெண் கூப்பிட்டால் போனை எடு. எனக்குப் பதில் எழுதுவதாக இருந்தால் என்னைத் திட்டி எழுது, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுது, ஒரு வரி விடாமல் படிக்கிறேன். உன் அம்மா என்னை ஒரு நாளும் திட்டாமலே போய்விட்டாள். நீயும் அப்படியே இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா